யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ: கணக்கில் பதினைந்தரை, எங்களுக்கு முப்பத்தாறு

போன வருடம் கோடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். கொழும்பிலிருந்து ரொறன்ரோ வான்வழியில் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர், விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் ஓடும், ஆகவே பதினைந்தரை மணித்தியாலம் என்று தம்பி கணக்குப் போட்டு அம்மாவுக்குச் சொல்லிவிட்டான். நேரடி விமானமே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

காலை பத்து மணிக்கு வீட்டில் வெளிக்கிட்டோம். வவுனியா, புத்தளம், சிலாபம் என்று வான் வண்டி உருண்டு கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர மாலை ஆறு. தூரம் 350 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னையும் வான்வழியில் சுமார் 350தான், ஒன்றேகால் மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம். அந்த எட்டு மணித்தியாலத்தை எந்தக் கணக்கும் காட்டாது, அம்மாவின் இடுப்பு மட்டும் காட்டியது.

இரவு ஒன்பதுக்கு விமானம். துபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கே நாலு மணித்தியாலம் காத்திருப்பு, பிறகு ஒரே இருப்பில் பதினாலு. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு எழுதுவித்தது நல்லதாய்ப் போச்சு, இல்லாவிட்டால் துபாயில் அந்த நடை அம்மாவால் முடிந்திருக்காது. இரண்டு மணிக்கொருக்கா எழுப்பி நடக்க வைத்தும் கால் வீங்கித்தான் இறங்கினா.

துபாய் போவது சுற்றுவழி என்றுதான் நானும் நினைத்தேன். தம்பி வீட்டில் மருமகனின் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, இரண்டு துண்டையும் கூட்டினாலும் 14,400க்குள்தான், நேர்வழியைவிட நானூறுகூட அதிகமில்லை. தட்டையான வரைபடத்தைப் பார்த்துத் தூரம் சொல்லக்கூடாது.

இறங்கும்போது அங்கே காலை பத்து, வீடு போய்ச் சேர மத்தியானம் பன்னிரண்டரை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு முப்பத்தாறு மணித்தியாலம். ஆனால் கோடையில் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்பதால் கைக்கடிகாரப்படி இருபத்தாறரைதான் கழிந்திருந்தது. "நேற்றுக் காலமை வெளிக்கிட்டனாங்கள், இண்டைக்கு மத்தியானம் வந்திட்டம், ஒரு நாள்தானே" என்றா அம்மா. அந்தக் குழப்பத்தில் பிரஷர் குளிசையை இரண்டு தரம் போடப் பார்த்தா. வயதானவர்களோடு போகிறவர்கள் குளிசை நேரத்தை இலங்கை நேரத்திலேயே ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

திரும்பும்போது ரொறன்ரோவிலிருந்து துபாய்க்கு பன்னிரண்டரைதான் எடுத்தது. அதே தூரம், ஒன்றரை மணித்தியாலம் குறைவு. மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுவதால் வரும்போது அது தள்ளிவிடும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற நாளில் யாழ்ப்பாண டவுனிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவுக்கு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் போய், பிறகு டவுனுக்குத் திரும்பி வந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த வருடமும் வரச்சொல்லித் தம்பி கேட்கிறான். அம்மாவுக்குப் பதினாலு மணித்தியாலம் பிரச்சினை இல்லையாம். "கட்டுநாயக்கவுக்கு வானில ஏறாமப் போக வழி இருந்தாச் சொல்லு, வாறன்" என்று போனில் சொல்லிவிட்டா.