பாக்கெட்டில் மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பீனிக்ஸ் எலக்ட்ரீஷியன்:

ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, இங்க வழிப்பறி ஜாஸ்திங்கறாங்க. தற்காப்புக்கும் ஆச்சு, அன்றாட வேலைக்கும் ஆச்சு, பாக்கெட்ல வெச்சுக்க நல்ல மடக்குக் கத்தி ஒண்ணு சொல்லுங்க." இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்த புதிதில் நானும் இதே கேள்வியோடு கடை கடையாக ஏறி இறங்கியவன். எனக்கு நடந்ததை முழுசாக எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், அவர் படிப்பார்.

நான் வந்து ஆறு மாதம் இருக்கும். ஜூன் மாதம், மாலை ஆறரை மணி. இங்கே அது குளிர்காலம், அந்நேரத்துக்கு நன்றாக இருட்டிவிடும். வார்விக் சந்திப்பில் மினிபஸ் டாக்சி பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். ஒருவன் எதிரே வந்து மணி கேட்டான். இன்னொருவன் எப்போது பக்கத்தில் வந்தான் என்றே தெரியாது. காதோரம் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக், டிக்.

அது ஓக்காப்பி கத்தி திறக்கும் சத்தம். மரக் கைப்பிடியில் பிறையும் நட்சத்திரமும் பதித்திருக்கும், முதுகில் ஒரு வளையம் தொங்கும். அலகை விரிக்க விரிக்கப் பல்சக்கரம் மாதிரி ஒவ்வொரு பல்லாக விழுந்து பூட்டிக்கொள்ளும். வளையத்தை இழுத்தால்தான் மடங்கும். 1902இல் ஆப்பிரிக்காவில் விற்பதற்கென்றே ஜெர்மனியில் செய்ய ஆரம்பித்த கத்தி, 1988இலிருந்து தென்னாப்பிரிக்காவிலேயே செய்கிறார்கள். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்தே தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் பையிலும் அன்று ஒரு கத்தி இருந்தது. சாவிக்கொத்துக்கும் கைக்குட்டைக்கும் அடியில் கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கை தானாகப் போனை நீட்டியது. பர்ஸையும் வாங்கிக்கொண்டு இருவரும் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். எல்லாம் பத்து நொடிக்குள் முடிந்துபோனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் கோபமாக மாறியது. மறுநாளே ஒரு பெரிய கத்தி வாங்கினேன். கறுப்புப் பூச்சு, ஒரு விரலால் தட்டினால் விரியும், விலையும் மலிவு. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று எடுத்து எடுத்துப் பழகினேன். என் மனைவி போனில் நேரம் பார்த்தாள். நிதானமாக நிற்கும்போது, பையிலிருந்து எடுத்து விரிக்க இரண்டரை நொடி. காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் ஆறு நொடி. ஒரு கையில் காய்கறிப் பை இருந்தபோது கத்தி கீழேயே விழுந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம்தான் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரரின் கணக்கைப் படித்தேன். சால்ட் லேக் சிட்டியில் இருந்தவர், 1983இல் எழுதினார். கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடி தூரத்தை ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்பது அவர் கணக்கு. இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு பயிற்சியும் எடுத்த போலீஸுக்கே அப்படிச் சொன்னார். என்னிடம் மணி கேட்டவன் நின்றது இரண்டடி தூரத்தில்.

அந்தக் கறுப்புக் கத்தி கடைசியில் வெட்டியது என் விரல்களைத்தான். ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து இன்வெர்ட்டருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் குழாயை அறுக்கும்போது அலகு சிக்கிக்கொண்டது. பின்பக்கமாக நெம்பி இழுத்தேன், பூட்டு நழுவி, விரித்த அலகு அப்படியே மடங்கிக் கையில் இறங்கியது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சேர்த்து ஐந்து தையல். இன்றைக்கும் ஆள்காட்டி விரல் நுனியில் சூடு, குளிர் சரியாகத் தெரியாது.

அதனால் தம்பி, கத்தி வாங்கும்போது முதலில் பூட்டைப் பாருங்கள். லைனர் லாக் என்கிறார்களே, அதில் கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அலகு விரிந்ததும் அந்தத் தகடு நகர்ந்து வந்து அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். தகடு ஓரத்தில் மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றால் நம்பக்கூடாது. தூசியோ மணலோ உள்ளே போனாலும் நழுவும். கடையிலேயே சோதிக்கலாம். அலகை முழுசாக விரித்து, அலகு மடங்கும் வழியில் விரல் இல்லாமல் கைப்பிடியைப் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் அசைந்தாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல லைனர் லாக்கும் உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலிவு விலையில், பார்க்கப் பயங்கரமாக இருக்கும் கத்திகளில்தான் பூட்டு மோசமாக இருக்கிறது.

இப்போது நான் வைத்திருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான், அலகு 7 சென்டிமீட்டர். கைப்பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடும் பூட்டு. ஸ்டெயின்லெஸ் அலகு, ஏனென்றால் டர்பன் கடற்காற்றில் கார்பன் ஸ்டீல் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். கைப்பிடி சொரசொரப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வியர்த்த கையில் வழுக்கிற கத்தி, பூட்டு இல்லாத கத்தியை விட மோசம். அட்டைப்பெட்டி பிரிக்க, நைலான் கட்டு அறுக்க, மத்தியானம் ஆப்பிள் நறுக்க, ஒரு நாளைக்கு இருபது தடவையாவது எடுக்கிறேன்.

லேனேசியாவிலிருந்து ஒருவன்:

அண்ணன் சொன்ன இரண்டரை நொடி விஷயத்துக்கு என் பங்கு. ஜோஹன்னஸ்பர்க்கில் தற்காப்பு வகுப்புக்கு எட்டு மாதம் போனேன். ஒரு சனிக்கிழமை மாஸ்டர் எல்லாரையும் வெள்ளை டீ சட்டை போட்டு வரச் சொன்னார். கத்திக்குப் பதிலாக ஆளுக்கொரு சிவப்பு மார்க்கர் பேனா, மூடி கிடையாது. இருவர் இருவராக ஒரு நிமிடம்.

நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிராளியின் வயிற்றில் நான் போட்ட மூன்று கோடு இருந்தது. என் மேல் எண்ணினார்கள்: முன்கையில் ஏழு, மணிக்கட்டில் இரண்டு, கழுத்தில் ஒன்று. கழுத்தில் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. மாஸ்டர் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

அன்றைக்குப் பிறகு தற்காப்புக்கென்று கத்தி வாங்கும் எண்ணத்தை விட்டேன். ஓடுகிறதற்கு ஏற்ற செருப்பு போட்டுக்கொள்கிறேன், இதை முழு மனதோடு சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த் பேத்தி:

நாங்கள் இங்கே நாலாவது தலைமுறை. பாடசாலையில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓக்காப்பி என்றாலே திருடன் கத்தி என்று அண்ணா எழுதியது மாதிரி எனக்குப் பட்டது. எங்கள் தாத்தாவிடம் ஒன்று இருந்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து வைத்திருந்தார். அதில்தான் பாக்கு சீவுவார், எங்களுக்குக் கரும்புத் தோல் உரித்துக் கொடுப்பார், கொல்லையில் வாழை இலை அறுப்பார். தைப்பூசக் காவடிக்கு உம்பிலோ கோவில் சமையற்கட்டில் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தால் அவர் கையில் அந்தக் கத்திதான்.

மாங்காயும் புளியும் பட்டுப் பட்டு அலகு கறுத்துப்போயிருக்கும். ராத்திரி துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, அதே துணியில் சுற்றி வைப்பார். ஒவ்வொரு வருடமும் சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதி அகலம் ஆகிவிட்டது. இப்போது என்னிடம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தூங்கும்போது நான் அதைத் திறக்கமாட்டேன், அந்த டிக் டிக் சத்தத்தில் எழுந்துவிடுவார்கள்.

நான் ராத்திரி டியூட்டி பார்க்கும் நர்ஸ். இரண்டு வருடம் முன்னால் விடியற்காலை நான்கு மணிக்கு, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு ஆள் என் பின்னாலேயே வந்தான். நான் திரும்பினால் நிற்பான், நடந்தால் நடப்பான். தாத்தா கத்தி அன்று கைப்பையில்தான் இருந்தது. நான் அதைத் தேடவில்லை. கார் சாவியில் இருக்கும் அலாரப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். கார் கத்த ஆரம்பித்தது, விளக்கெல்லாம் எரிந்தது. நான் காரை நோக்கிப் போகாமல் காவலாளி உட்காரும் வெளிச்சத்துக்குத் திரும்பி நடந்தேன். அவன் வேலி ஓரமாகப் போய்விட்டான். அதற்கப்புறம் சாவிக்கொத்தில் மிளகு ஸ்ப்ரே மாட்டிக்கொண்டேன். நம் நாட்டில் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரோபோவில் கார் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பிடுங்குவார்கள் இல்லையா, என் அக்காவுக்கு அப்படி நடந்தது. புதிதாக வந்த தம்பிக்குச் சொல்கிறேன்: இங்கே ரோபோ என்றால் சிக்னல் விளக்கு. பையை இருக்கையில் வைக்காதீர்கள், காலுக்கடியில்கூட வேண்டாம், டிக்கியில் வையுங்கள்.

நாமக்கல்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

எல்லாரும் கத்தி உதவாத கதையாகச் சொல்கிறீர்கள். உதவியது ஒன்று சொல்கிறேங்க.

லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் நான். என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும் இடத்தில் ஒரு லாரி நின்றுவிட்டது என்று போய்க்கொண்டிருந்தோம். அந்த இடத்தில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாதுங்க. எங்களுக்கு முன்னால் போன ஒரு பக்கி, அதாவது பின்னால் திறந்த தொட்டி இருக்கும் சின்ன வண்டி, ஓரத்தில் சறுக்கிப் பள்ளத்தில் ஒருக்களித்துக் கவிழ்ந்துவிட்டது. நாங்கள் இறங்கி ஓடினோம். ஓட்டுநர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார், நினைவு இருக்கிறது, பெட்ரோல் வாசம் அடிக்கிறது. பெல்ட் பட்டனை எவ்வளவு அழுத்தியும் விடவில்லை, உடம்பு எடை முழுக்க அதன்மேல் இருந்தது.

கத்தியை எடுத்து நேராக அறுக்கப் பார்த்தேன், அலகு வழுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் புத்தி வந்தது. கூட வந்த பையனை அவர் தோளைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் அறுந்ததும் தலைகுப்புற விழுவார். பெல்ட்டைத் தோளுக்கு மேலே ஒரு கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, கூர்ப்பக்கம் அவர் உடம்புக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி அலகை அடியில் நுழைத்து, சாய்வாக ஒரே இழுப்பு. அறுந்துவிட்டது. இடுப்புப் பக்கத்தையும் அதே மாதிரி அறுத்தேன். அவர் விலா ஒன்று முறிந்திருந்தது, மற்றபடி பிழைத்துக்கொண்டார்.

என் கத்தியின் அடிப்பாதியில் ரம்பப் பல் மாதிரி வெட்டு இருக்கும். கயிறு, பெல்ட்டுக்கு அதுதான் வேகம். ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் அதைக் கூராக்க முடியாது, தனி உருளைக்கல் வேண்டும். காய் நறுக்குவதற்கும் சுகமில்லை. உங்கள் வேலை எது என்று பார்த்து வாங்குங்க.

புதுசா வந்த தம்பி:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். அன்றாட வேலைக்கே வாங்கினாலும் போலீஸ் பிடித்தால் பிரச்சினை வருமா? அலகு இத்தனை சென்டிமீட்டர் வரைதான் என்று ஏதாவது இருக்கிறதா?

பீனிக்ஸ் எலக்ட்ரீஷியன்:

முதலில் அந்தத் தங்கச்சிக்கு: நீங்கள் சொன்னது நியாயம்மா. எனக்கு அந்தச் சத்தம் அறிமுகமான விதம் அப்படி. தாத்தா கத்தியைப் பற்றிப் படித்ததில் இருந்து எனக்கும் வேறு மாதிரி கேட்கிறது.

தம்பி, இங்கே அபாயகரமான ஆயுதங்கள் சட்டம் என்று 2013இல் வந்த 15ஆம் எண் சட்டம் இருக்கிறது. அதில் சென்டிமீட்டர் அளவு எதுவும் இல்லை. ஒருவனைக் கொல்லவோ பலமாகக் காயப்படுத்தவோ முடிகிற எந்தப் பொருளும், தப்பான காரியத்துக்குப் பயன்பட்டால், ஆயுதம்தான். அப்படி ஒன்றைத் தப்பான காரியத்துக்குத்தான் வைத்திருக்கிறான் என்று நியாயமான சந்தேகம் வரும்படி வைத்திருந்தால் அபராதம், அல்லது 3 வருடம் வரை சிறை. எந்த இடம், எந்த நேரம், நீ எப்படி நடந்துகொண்டாய், கத்தியை எப்படி வைத்திருந்தாய் என்றெல்லாம் பார்ப்பார்கள். தொழிலுக்காக, சமய காரியத்துக்காக, விளையாட்டுக்காக வைத்திருப்பதற்கு விலக்கு உண்டு. ஊர்வலம், கூட்டம் என்றால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சாலைச் சோதனையில் என் வண்டியை நிறுத்தினார்கள். கத்தி பேண்ட் பாக்கெட் விளிம்பில் கிளிப்பில் தெரிந்தது. என்னத்துக்கு என்று கேட்டார் போலீஸ்காரர். "வேலைக்கு, ஒயர் போடுகிறவன்" என்று பின்னால் இருந்த கேபிள் சுருளையும் கருவிப் பெட்டியையும் காட்டினேன். விரித்துப் பார்த்தார், மடக்கினார், திருப்பிக் கொடுத்தார். அதே இடத்தில் எனக்கு முன்னால் நின்ற காரில் ஒரு இளைஞன். அவனிடம் நான் முன்னே வாங்கியது மாதிரியே பெரிய கறுப்புக் கத்தி, இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் சொருகி வைத்திருந்தான். எதுக்கு என்று கேட்டதற்கு, "எவனாவது வந்தால் பார்த்துக்கொள்ள" என்றான். நான் கிளம்பும்போதும் அவனை நடைபாதையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விமானத்தில் போகும்போது மறக்காமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். கிங் ஷாகா விமான நிலையத்தில் ஒரு நல்ல கத்தியை அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை வெருலம் பக்கம் ஒரு வீட்டில் வேலை இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் கூப்பிடுங்கள், இருவரும் சேர்ந்து கடைக்குப் போவோம். உங்கள் கையளவைப் பார்க்காமல் நான் எந்தக் கத்தியையும் சொல்லமாட்டேன்.