சூரியனின் தென்துருவத்தில் மட்டும் காற்றின் வேகம் குறைவாக வருகிறது – அவசர உதவி தேவை

அரைகுறை நிரலர்:
வணக்கம். திங்கட்கிழமை வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்ட வேண்டும், அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். விண்கலத் தரவை எடுத்து, சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின்) வேகத்தை அகலாங்குவாரியாக வரைந்தேன். இரண்டு துருவங்களிலும் வினாடிக்கு 750 கி.மீ. அளவில் வர வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். வடக்கில் அப்படியே வருகிறது. தெற்கில் 80 பாகைக்கு அருகில்கூட வேகம் தாறுமாறாக ஏறி இறங்குகிறது, பாதி இடங்களில் 400-க்குப் பக்கம். நிரலில் குறி மாறிவிட்டதா? யாராவது உடனே சொல்லுங்கள்.

வால்வெள்ளி:
எந்த விண்கலம்? எந்த ஆண்டு? எந்தக் கருவியின் கோப்பு? மூன்றையும் சொல்லாமல் குறி மாறிவிட்டதா என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
நிரப்பு எண்களை நீக்கினீர்களா? அளவீடு இல்லாத மணிநேரங்களில் கோப்பில் ஏதாவது ஓர் அபத்தமான எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லாம் கெடும். பத்தில் ஒன்பது சிக்கல்களுக்கு இதுதான் காரணம்.

அரைகுறை நிரலர்:
விண்கலத்தின் பெயரையும் சொல்ல வேண்டுமா? துருவத்துக்கு மேலே போனது ஒன்றுதானே இருக்கிறது!

நிலாமுற்றம்:
ஒன்றுதானா? சோலார் ஆர்பிட்டரும் தென்துருவத்தைப் படம் எடுத்து அனுப்பியதே. ஒருவேளை அந்தத் தரவோ என்று நினைத்தேன்.

மூத்த வாசகர்:
சோலார் ஆர்பிட்டர் 2025 மார்ச்சில் எட்டியது சூரிய நடுக்கோட்டிலிருந்து 17 பாகைதான். அங்கிருந்து துருவத்தைச் சாய்வாக எட்டிப் பார்த்தது, மேலே போகவில்லை. சூரியனை நெருங்கிச் சுற்றும் பார்க்கர் கலமோ நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுகிறது. 80 பாகை என்றால் யூலிசிஸ் மட்டும்தான். 1990 அக்டோபரில் டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து கிளம்பி, 1992 பிப்ரவரியில் வியாழனின் ஈர்ப்பால் கோள்களின் தளத்தைவிட்டு வெளியே திருப்பப்பட்டு, 2009 ஜூன் வரை உழைத்த கலம். அதில் கேமராவே கிடையாது. தம்பி, கேள்வி கேட்பதற்கு முன்னால் இந்த அடிப்படைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும்.

அரைகுறை நிரலர்:
யூலிசிஸ் என்று தெரிந்துதான் எடுத்தேன், ஐயா. நான் தம்பி இல்லை, தங்கை. சூரியக் காற்றின் துகள்களை அளக்கும் ஸ்வூப்ஸ் கருவியின் மணிநேரச் சராசரிக் கோப்பு.

வால்வெள்ளி:
ஆண்டு?

மீனாட்சிபுரத்தான்:
எனக்கு வேறொரு சந்தேகம். நீங்கள் எடுத்த அகலாங்கு சூரிய நடுக்கோட்டிலிருந்து அளந்ததா, பூமியின் சுற்றுப்பாதைத் தளத்திலிருந்து அளந்ததா? இரண்டும் ஒன்றல்ல. கோப்பில் இரண்டு நெடுவரிசைகள் இருந்தால் தவறானதை எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. நான் ஒரு வாரம் இதில் மாட்டிக்கொண்டு அல்லாடியிருக்கிறேன்.

வால்வெள்ளி:
இரண்டு தளங்களுக்கும் இடையே 7.25 பாகைதான் சாய்வு. தவறான நெடுவரிசையை எடுத்திருந்தாலும் 80 என்பது 73 ஆகும், 10 ஆகாது. சூரியன் அமைதியாக இருக்கும் காலத்தில் 73 பாகையிலும் வேகக் காற்றுதான் அடிக்கும். இது காரணமாக இருக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
நிரப்பு எண்.

குன்னூர்க்காரன்:
துருவத்தில் காற்று வேகம் என்பதை யூலிசிஸ்தான் கண்டுபிடித்தது போல எல்லோரும் பேசுகிறீர்கள். 1967-லேயே டென்னிசனும் ஹியூவிஷும் தொலைதூர வானொலி மூலங்களின் அலைகள் சூரியக் காற்றின் ஊடே வரும்போது உண்டாகும் மினுமினுப்பை வைத்து, நடுத்தளத்தைவிட்டு விலகினால் வேகம் கூடுகிறது என்று எழுதிவிட்டார்கள். நம் ஊட்டி வானொலித் தொலைநோக்கியும் இதே முறையில் சூரியக் காற்றை அளந்து வந்திருக்கிறது. 530 மீட்டர் நீளம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அகலாங்குக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்துக் கட்டியது. தரையில் இருந்தபடியே துருவக் காற்றை அளக்கலாம், ராக்கெட் தேவையில்லை.

மூத்த வாசகர்:
அளக்கலாம், ஆனால் எதை? மினுமினுப்பு தருவது பார்வைக்கோடு முழுவதும் சேர்ந்த விளைவு. மலைப்பாதை நெடுக மூடுபனி கிடக்க, ஒரு முனையில் நின்றுகொண்டு எந்த வளைவில் அடர்த்தி அதிகம் என்று சொல்வது போல. வேகக் காற்றும் மந்தக் காற்றும் ஒரே கோட்டில் வந்தால் பிரிப்பதற்கு மாதிரிக் கணக்கு வேண்டும். யூலிசிஸ் அந்தக் காற்றுக்குள்ளேயே மிதந்து, புரோட்டான்களை நேரடியாக எண்ணியது.

குன்னூர்க்காரன்:
ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் எண்ணியது. ஆறு ஆண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு சுற்று. ஒரு துருவத்தில் இருக்கும்போது மற்றொன்றில் என்ன நடக்கிறது என்று அந்தக் கலத்துக்குத் தெரியாது. தரைத் தொலைநோக்கி இரண்டு பக்கமும் பார்க்கும், ஆண்டுதோறும் பார்க்கும். தெற்கும் வடக்கும் மாறுபடும் சிக்கலே இங்கிருந்துதான் வருகிறது என்பேன்.

வால்வெள்ளி:
ஊட்டிச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரியில் மட்டும் விஷயம் இருக்கிறது. நிரலரே, தெற்கில் 80 பாகை வரும் வரி ஒன்றின் ஆண்டையும் நாளையும் ஒட்டுங்கள்.

அரைகுறை நிரலர்:
2000, நாள் 332, தெற்கே 80 பாகைக்குச் சற்று மேல். வடக்கில் உச்சம் 2001 அக்டோபர் நடுவில். கோப்பு பெரிதாக இருந்ததால் இந்த ஒரு பகுதியை மட்டும் இறக்கினேன்.

வால்வெள்ளி:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உங்கள் நிரல் சரி. சூரியன்தான் அப்படி இருந்தது.

நீங்கள் படித்த 750 என்பது முதல் சுற்று: 1994 செப்டம்பரில் தெற்கு, 1995 ஜூலை இறுதியில் வடக்கு. சூரியச் செயல்பாடு தணிந்து வந்த காலம். இரண்டு துருவங்களிலும் பெரிய கொரோனாத் துளைகள் (சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலம் வெளியே திறந்திருக்கும் பகுதிகள்) திறந்து கிடந்தன, அவற்றிலிருந்து வேகக் காற்று சீராக வந்தது. மந்தக் காற்று நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 20 பாகைக்குள் அடங்கிக் கிடந்தது.

உங்களிடம் இருப்பது இரண்டாம் சுற்று. 2000 நவம்பர் 27-இல் கலம் தெற்கே உச்சத்தில் இருந்தபோது சூரியச் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சுழற்சிகளில் 23-ஆவது கொதித்துக்கொண்டிருந்தது. துருவத் துளைகள் கலைந்து போயிருந்தன. எந்த அகலாங்கிலும் மந்தமும் வேகமும் கலந்தே அடித்தன. அங்கிருந்து வடக்கே போய்ச் சேர ஏறத்தாழ பத்தரை மாதம் ஆனது. அதற்குள் வடதுருவத்தில் புதிய துளை உருவாகிவிட்டது, அதன் வேகக் காற்றுக்குள் கலம் நுழைந்தது. ஆகவே உங்கள் படத்தில் இருப்பது தெற்கு–வடக்கு வேறுபாடு இல்லை, முன்னும் பின்னும். கிடைமட்ட அச்சில் அகலாங்கு என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் அடியில் காலம் ஒளிந்திருக்கிறது.

சோதிக்க ஒரு வழி உண்டு. காந்தமானியின் கோப்பை இறக்கி, காந்தப்புலத்தின் ஆரத் திசைக் கூறின் (சூரியனிலிருந்து விலகும் திசையில் உள்ள பகுதியின்) குறியைப் பாருங்கள். 1995-இல் வடக்கில் புலம் வெளிநோக்கி, அதாவது நேர்க்குறி. 2001 இறுதியில் அதே வடக்கில் எதிர்க்குறி வர வேண்டும், இடையில் சூரியனின் காந்தப்புலம் தலைகீழாகிவிட்டது.

மூத்த வாசகர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

மீனாட்சிபுரத்தான்:
அடர்த்தியையும் வரையப் போகிறீர்கள் என்றால் சூரியனிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தால் பெருக்க மறக்காதீர்கள். 1994-இல் தென்துருவத்துக்கு மேலே கலம் 2.3 வானியல் அலகில் (சூரியன்–பூமி தொலைவைப் போல 2.3 மடங்கில்) இருந்தது, நடுக்கோட்டைக் கடக்கும்போது 1.3-இல். பெருக்காமல் வரைந்தால் துருவத்தில் காற்றே இல்லாதது போலத் தோன்றும். கன செ.மீ.க்கு 0.5 புரோட்டான் என்று படித்தால் 5.29-ஆல் பெருக்குங்கள், பூமியின் தொலைவுக்கு 2.6 என்று வரும். வேகக் காற்றுக்கு அது பொருத்தமான அளவு. வெப்பநிலைக்கும் அந்தக் கோப்பில் இரண்டு நெடுவரிசைகள் உண்டு, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. எதை எடுத்தீர்கள் என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள், கேட்பார்கள்.

நிலாமுற்றம்:
அப்படியென்றால் மூன்றாம் சுற்றில் மறுபடி 750 வந்ததா?

வால்வெள்ளி:
ஏறக்குறைய. 2006–2008-இல் பழையபடி அமைதி திரும்பியது. ஆனால் வேகக் காற்று முதல் சுற்றைவிட 3 சதவீதம் மந்தம், அடர்த்தி 17 சதவீதம் குறைவு. எனக்கு அந்த முதல் அழகான படத்தைவிட இந்த மெலிவுதான் சுவாரசியம். எல்லாப் பாடப்புத்தகங்களும் 1995-உடன் நின்றுவிடுகின்றன.

குன்னூர்க்காரன்:
காலமும் அகலாங்கும் ஒரே கலத்தில் பின்னிக்கொள்ளும், பிரிக்கத் தரை அளவீடு வேண்டும் என்று நான் சொன்னதையே நீளமாக எழுதியிருக்கிறார் வால்வெள்ளி.

மூத்த வாசகர்:
அந்தத் தரை அளவீட்டைச் சரிபார்க்க எதைப் பயன்படுத்தினார்கள்? யூலிசிஸை.

அரைகுறை நிரலர்:
காந்தமானிக் கோப்பைப் போட்டுப் பார்த்தேன். வடக்கில் எதிர்க்குறிதான். மிக்க நன்றி. 1994-95 கோப்பையும் இறக்கிக்கொண்டிருக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
மகிழ்ச்சி. நிரப்பு எண்களை நீக்கினீர்களா?