வாயுக்களை வைத்துத் தீங்கு தரும் குடல் பாக்டீரியாவை அடையாளம் காண முடியுமா?

கேள்வி:
ஆன்டிபயாடிக் எடுத்தபின் வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் சிலருக்குக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா காரணமாகிறது. மலத்திலிருந்து எழும் ஆவியாகும் சேர்மங்களைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் எல்லாமே ஏதேனும் வாயுவை வெளியிடும்போது, இதை மட்டும் எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி 1:
இந்தப் பாக்டீரியா டைரோசின் என்னும் அமினோ அமிலத்தைப் படிப்படியாகச் சிதைத்து, குதிரை லாயத்தை நினைவூட்டும் வாடையுள்ள பாரா-கிரெசாலை ஏராளமாக உண்டாக்குகிறது. அச்சேர்மம் மற்ற குடல் பாக்டீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியை ஒடுக்குவதால், இது வெறும் கழிவு அன்று, போட்டியாளர்களை விலக்கும் ஆயுதமும்கூட. இந்தப் பாக்டீரியாவின் வாடையை முகர்ந்தறிய நெதர்லாந்தில் பயிற்சி பெற்ற கிளிஃப் என்னும் பீகிள் நாயைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வை அவசியம் படியுங்கள்: மருத்துவமனை வார்டுகளில் நடத்திச் சென்றபோது, தொற்றுள்ள 30 நோயாளிகளில் 25 பேரையும், தொற்றில்லாத 270 பேரில் 265 பேரையும் அது சரியாக அடையாளம் காட்டியது.

மறுமொழி 2:
நாயின் மூக்கு எதை முகர்ந்தது என்பதை நாம் கேட்டறிய முடியாது, கருவியிடம் கேட்கலாம். மாதிரியை மூடிய குப்பியில் இளஞ்சூடாக்கி, மேலே திரளும் ஆவியை மெல்லிய இழையொன்றில் படியவைத்து, கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாக்கும் வாயு குரோமேட்டோகிராஃபியில் பிரித்து, மூலக்கூறுத் துண்டுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒவ்வொரு சேர்மமாக இனங்காண்கிறார்கள். ஆனால் ஒரே சேர்மத்தை நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இண்டோல் என்னும் ஆவியாகும் சேர்மத்தை உண்டாக்கும் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் தீங்கற்ற வகைகளும் நோய் தரும் வகைகளும் உண்டு. இண்டோல் மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டாது. ஆகவே பல சேர்மங்களின் அளவுகள் சேர்ந்து உருவாக்கும் கோலத்தையே பார்க்க வேண்டும்.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன்; எனினும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோயை உண்டாக்கும் நச்சுப்புரதத்தைச் சுரக்காத டிஃபிசில் வகைகளும் பாரா-கிரெசாலை உண்டாக்கும். அறிகுறியே இல்லாமல் இப்பாக்டீரியாவைச் சுமப்பவர்களும் உண்டு. எனவே வாயு அளவீடு சந்தேகத்தை எழுப்பலாமே தவிர, நச்சுப்புரதச் சோதனையின் இடத்தை அது பிடிக்க முடியாது. மாதிரியைத் திறந்து வைத்தாலும் தாமதித்தாலும் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் வெளியேறிவிடும். ஆகவே சேகரித்த உடனே குப்பியை இறுக மூடிக் குளிரில் வைப்பதில்தான் இந்த அளவீட்டின் நம்பகத்தன்மை தொடங்குகிறது.