“இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர்”: கார் ஷோரூம் நெருக்கடியைச் சமாளிப்பது

சேலத்துக்காரர்:
பேரம் பேசுறதுக்கு முன்னாடி ஆன்ரோடு விலையை (வண்டி ரோட்டுக்கு வர ஆகுற மொத்தச் செலவு) பிரிச்சு எழுதின கொட்டேஷனை வாங்கிடுங்க. மொத்தமா ஒரு தொகை சொல்லி “முப்பதாயிரம் குறைச்சுட்டேன் சார்”னா, எதுல குறைச்சாங்க, எதுல ஏத்தினாங்கன்னே தெரியாது. எக்ஸ்ஷோரூம் விலை (ஆயுள் வரி, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை), ஆயுள் வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ், வாரண்டி நீட்டிப்பு எல்லாம் தனித்தனியா வரணும். “ஹேண்ட்லிங் சார்ஜ்”னு இருந்தா அதை எடுத்துடச் சொல்லுங்க, அது அரசுக் கட்டணம் கிடையாது. “எசென்ஷியல் கிட்”டும் (மேட், மட்ஃப்ளாப் மாதிரி சாமான்) கட்டாயமில்ல.

இன்னொரு வித்தை, மேல் வேரியன்ட்டுக்குத் தள்ளுறது. 9.80 லட்சம் கார் பார்க்க வந்தவர்கிட்ட “வெறும் நாற்பதாயிரம் கூடப் போட்டா 10.20-ல டாப் மாடல்”ம்பாங்க. தமிழ்நாட்டுல 5 முதல் 10 லட்சம் வரை ஆயுள் வரி 13%, 10 தாண்டி 20 லட்சம் வரை 18%. அதாவது 1,27,400 கட்ட வேண்டிய இடத்துல 1,83,600. அந்த நாற்பதாயிரம் 96,200 ஆயிடுச்சு! இதுக்கு மேல 1% டிசிஎஸ் (விக்கிறவங்களே நம்மகிட்ட பிடிச்சுக் கட்டுற வருமான வரி) வேற. அதை வருமான வரி கணக்குல கழிச்சுக்கலாம், ஆனா இப்போ கையில இருந்து போகும்.

புதுசா வாங்கறவன்:
இன்சூரன்ஸ் வெளியில எடுத்தா டிஸ்கவுன்ட் கிடையாது, கேஷ்லெஸ்ஸும் (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா கட்டுறது) வராதுங்கறாங்களே அண்ணே?

பாலிசி பார்ட்டி:
கேஷ்லெஸ் வராதுங்கறது சும்மா தம்பி. அந்த ஒர்க்‌ஷாப்போட உங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒப்பந்தம் இருக்கான்னு மட்டும் பாருங்க. பாலிசியை எங்க வேணா எடுக்கலாம், ஷோரூம் கட்டாயப்படுத்தக் கூடாது.

ரெண்டு பாலிசியை ஒப்பிடும்போது ஐடிவியும் (வண்டி மொத்தமா போனா கிடைக்கிற காப்பீட்டு மதிப்பு) ஆட்-ஆனும் (கூடுதலா சேர்க்கிற கவர்) ஒரே மாதிரி இருக்கணும். ஐடிவியைக் குறைச்சுப் போட்டா எந்த பாலிசியும் மலிவாத்தான் தெரியும். புதுக் காருக்கு 3 வருஷ தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான) காப்பீடு கட்டாயம். 1000-1500 சிசிக்கு 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதுல யாரும் குறைக்க முடியாது. பேரம் எல்லாம் ஓன் டேமேஜ்லயும் (நம்ம வண்டி சேதத்துக்கான கவர்) ஆட்-ஆன்லயும்தான். ஏற்கெனவே உங்க பேர்ல 15 லட்சத்துக்கு தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தா, பாலிசியில வர்ற ஓனர்-டிரைவர் விபத்துக் கவரை நீக்கிடச் சொல்லலாம். பழைய கார் வித்தவங்க பழைய இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட என்சிபி லெட்டர் (க்ளெய்ம் பண்ணாததுக்கான போனஸ் சான்று) வாங்கி வெச்சுக்கோங்க, ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50% வரை கழியும். ஷோரூம்ல தானா முன்வந்து சொல்ல மாட்டாங்க.

டிஸ்கவுன்ட் மிரட்டலுக்கு ஒரே வழி: வெளி கொட்டேஷனை மேஜையில வெச்சு “இதே விலைக்குக் கொடுத்தா உங்ககிட்டயே எடுக்கறேன்”னு சொல்றது. பெரும்பாலும் இறங்கி வருவாங்க.

லோன் டெஸ்க்:
“7% தான் வட்டி”ன்னா ஃப்ளாட்டா ரெட்யூசிங்கான்னு கேளுங்க. ஃப்ளாட்னா கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி, ரெட்யூசிங்னா மீதி இருக்கிற கடனுக்கு மட்டும். 6 லட்சம், 60 மாசம், 7% ஃப்ளாட்னா இஎம்ஐ 13,500. ரெட்யூசிங் கணக்குல அது ஏறக்குறைய 12.5% வட்டி. நேரா பேங்க்ல 9% ரெட்யூசிங் கிடைச்சா இஎம்ஐ 12,455 தான். அஞ்சு வருஷத்துல 62,000-க்கு மேல வித்தியாசம். ப்ராசஸிங் ஃபீஸ், முன்கூட்டி அடைச்சா என்ன பிடிப்பாங்க, ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

திருச்சி டிரைவர்:
அட்வான்ஸ் கட்டினா டீலர் பேர்ல ரசீது வாங்கணும். சேல்ஸ்மேன் சொந்த ஜிபேக்கு அனுப்பவே கூடாது. கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்பும்னு புக்கிங் ஃபார்ம்லயே எழுதச் சொல்லுங்க.

“மாசக் கடைசி, இன்னைக்கே முழுப் பணத்தையும் கட்டிடுங்க”ங்கறது அவங்க டார்கெட் அவசரம். சேஸிஸ் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கைக்கு வந்து, அந்த வண்டியையே யார்டுல (டீலர் வண்டி நிறுத்தி வெக்கிற இடம்) பார்த்த பிறகு மீதியைக் கட்டுங்க. வண்டியைப் பார்க்கறதும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே நடக்கணும். பேர் ஏறினப்புறம் “வேற வண்டி கொடுங்க”ன்னா நடக்காது. வருஷம் திரும்பின ஜனவரியில பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பார்ப்பாங்க. ஃபார்ம் 21-ல (டீலர் தர்ற விற்பனைச் சான்றிதழ்) தயாரிப்பு மாசம், வருஷம் இருக்கும். டயர்லயும் அது தயாரான வாரம், வருஷம் நாலு இலக்கத்துல இருக்கும்: 3624னா 2024-ன் 36-வது வாரம். பழைய ஸ்டாக்தான்னு தெரிஞ்சா வேண்டாம்னு ஓட வேண்டியதில்ல, அதுக்கேத்த தள்ளுபடி கேளுங்க.

அட்வான்ஸைத் திருப்பித் தராம இழுத்தடிச்சா மேனேஜருக்கு ஈமெயில், கம்பெனி கஸ்டமர் கேருக்கு ஒரு காப்பி. பத்து நாள்ல பதில் இல்லன்னா நுகர்வோர் உதவி எண் 1915. புக்கிங் ஃபார்ம், ரசீது, வாட்ஸ்அப்ல பேசினது எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு கூப்பிடுங்க.