ஆச்சியின் நடைக்கு ஏற்ற நிலைப்படி: போனால் அளக்க முடியுமா?

கேள்வி: காரைக்குடி பழைய வீடு. வளவிலிருந்து (முற்றம் சூழ்ந்த முதல் பகுதி) இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைப்படி 15 செ.மீ. உயரம். ஆச்சிக்கு 78 வயது, தாண்டும்போது தடுமாறுகிறார். நடையை அளந்து நிலைப்படியைச் சரிசெய்ய வேண்டும். அளக்க போன் போதுமா?

பதில் 1: போதும். மீடியாபைப் போஸ் என்ற மென்பொருள் வீடியோவில் உடம்பின் 33 புள்ளிகளைப் பிடிக்கும். போனை இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நிறுத்துங்கள். அகலக்கோண லென்ஸ் வேண்டாம், ஓரம் வளைந்து அளவு கெடும். நடக்கும் கோட்டிலேயே 1 மீட்டர் குச்சி நிற்கட்டும், பிக்சலை செ.மீ. ஆக்க அதுதான் வழி. 10 முறை எடுங்கள். சராசரி உதவாது, பாதம் மிகக் குறைவாக எழும்பிய தடவைதான் கணக்கு. இடறுவது அப்போதுதான்.

பதில் 2: சேலைக் கொசுவம் முழங்காலை மறைத்தால் புள்ளி தாவும். கணுக்காலில் நிற நாடா ஒட்டி, கினோவியா என்ற வீடியோ அளவீட்டு மென்பொருளில் கையால் குறித்துத் தொடருங்கள்.

பதில் 3: தேக்கு நிலையை அறுத்துவிடாதீர்கள் அண்ணே. 1:12 சரிவுக்கு (1 செ.மீ. உயர 12 செ.மீ. நீளம்) இருபுறமும் 1.8 மீட்டர் வேண்டும். இடமில்லையென்றால் இருபுறமும் 7.5 செ.மீ. அரைப்படி, 40 செ.மீ. அகலம், சொரசொரப்பான கருங்கல்லில். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையில் படி விளிம்பு தெரியாது, விளிம்பில் எடுப்பாகத் தெரியும் ஒரே நிறப் பட்டை அவசியம். கைப்பிடி 35 மி.மீ. குழாய், தொங்கும் கையின் மணிக்கட்டு உயரத்தில். திருகு சுண்ணாம்புப் பூச்சில் நிற்காது. உள்ளே செங்கல் வரை இறங்க வேண்டும்.