நாலரைக்கு எழும்புவதும் ஆம்பளைத்தனமும்

குலசேகரத்துக்காரன்:
வீட்டில் தினமும் சண்டை, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். ஆறு மாதமாக ஆண்களுக்கான ஒரு இணைய வகுப்பில் இருக்கிறேன், 9,000 ரூபாய் கட்டினேன். நாலரைக்கு எழும்பு, பச்சைத் தண்ணீரில் குளி, ஜிம்முக்குப் போ, சீனியை விடு, வெட்டிக் கூட்டாளிகளை விடு, கவலையை யாரிடமும் சொல்லாதே, பெண்களிடம் சொல்லவே சொல்லாதே, அல்ஃபா ஆண், அதாவது கூட்டத்துக்கே தலைவன் மாதிரி நிற்பவன், புலம்ப மாட்டான். சாரம் இவ்வளவுதான். 11 கிலோ குறைந்திருக்கிறேன், வேலையிலும் பெயர் தேறியிருக்கிறது. அக்காவும் அத்தானும் இது கிறுக்கு என்கிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் பொழுது சாய்ந்தால் பையன்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதைவிட இது மோசமா?

திருவட்டாறு அண்ணாச்சி:
தம்பி, சிரிப்பு வருகிறது, கோபிக்காதே. நாலரைக்கு எழும்ப 9,000 ரூபாயா? நம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன் மூன்றரைக்கே எழும்பி நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவான். விடியுமுன் மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும், அதுதான் காரணம். முன்னூறு மரம் வெட்டி, சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, மிச்சமிருக்கும் ஒட்டுப்பாலையும் சாக்கில் கட்டிக்கொண்டு வருவான். அவனை எவனாவது அல்ஃபா என்று சொன்னதுண்டா? 'வெட்டுக்காரன்' என்பார்கள், அவ்வளவுதான்.

குலசேகரத்துக்காரன்:
அண்ணாச்சி, என் அப்பாவே வெட்டுக்காரர்தான். முப்பது வருடம். எழும்புவதெல்லாம் சரி, மத்தியானம் தூங்கி எழுந்து சாயங்காலம் குடிப்பார். எங்களிடம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எழும்பியது எஸ்டேட்டுக்காக, நான் எழும்புவது எனக்காக. இரண்டும் ஒன்று என்று சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வது?

வள்ளவிளை மேரி:
தம்பி சொல்வதிலேயே பதில் இருக்கிறது. அப்பா பேசவில்லை என்று வருத்தம், அதே பேசாமையை 9,000 கொடுத்துக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய்!
எங்கள் பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் கரை. அத்தனை நாளும் வீடு, சீட்டு, வட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம், எல்லாம் பெண்கள் கையில்தான், இங்கே யார் அல்ஃபா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். என் சொந்த அண்ணன் மூன்று நாள் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக் கிடந்து வந்தவன். கூடப் போன இருவர் வரவில்லை. வந்த பிறகு ராத்திரி தூக்கமில்லை, கடலைப் பார்த்தால் திரும்பிக்கொள்வான். ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா, 'பயந்துட்டான்'. அவனும் வாயைத் திறக்கவில்லை, குடித்தான். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் நான் திண்ணையில் மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன், அவனும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கிழங்கைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான், என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று கிலோ கிழங்கும் உரித்து முடிந்தது, அவன் பேச்சு முடியவில்லை. இப்போது மறுபடி கடலுக்குப் போகிறான். 'பெண்களிடம் சொல்லாதே' என்று அவனுக்கு எவனாவது அன்றைக்கு வகுப்பு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

தக்கலை ஜிம்:
அக்கா, உங்கள் அண்ணன் கதை வேறு, அது பெரிய அடி. இங்கே பேசுவது சாதாரணப் பையன்களைப் பற்றி. நான் ஜிம் வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். காதல் போய்விட்டது என்று ஒருத்தன், வேலை இல்லை என்று ஒருத்தன், எல்லாரும் புலம்பத்தான் வருகிறார்கள். முதல் மாதம் புலம்பலை நிறுத்தி இரும்பைத் தூக்கச் சொல்லுவேன், அவர்கள் முகம் மாறுவதை நேரில் கண்டவன் நான். எல்லாரும் ஆண்களைத்தான் திருந்தச் சொல்கிறீர்கள், ஆண்கள் தாங்களாகத் திருந்த ஒரு வழி தேடினால் அதையும் கிண்டல் அடிக்கிறீர்கள். 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஆண்கள். இதற்கு யார் அழுகிறார்கள்?

வள்ளவிளை மேரி:
நான்தான் அழுகிறேன், மேலே எழுதியிருப்பதை மறுபடி படியுங்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே 'கவலையைச் சொல்லாதே' என்பதற்கு எப்படி வக்காலத்து வாங்குகிறீர்கள் என்றுதான் புரியவில்லை. ஜிம்முக்கு வரும் பையன் உங்களிடம் புலம்புகிறான் என்றால் அது நல்லது, இன்னும் பத்து நிமிடம் கூடக் கேளுங்கள். ரொம்ப முடியாதவனுக்கு 14416 என்று அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தக்கலை ஜிம்:
எண்ணை ஒட்டுகிறேன், அதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே இருந்தால் உடம்பு ஏறாது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓய்வு வாத்தியார்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன். இந்த அல்ஃபா எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் மிருகக்காட்சிசாலையில் அடைத்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாததுகளை ஒரே அடைப்பில் போட்டால் அடித்துக்கொள்ளத்தானே செய்யும்? பிற்பாடு டேவிட் மெக் என்ற ஆய்வாளர் காட்டில் போய்ப் பார்த்தார். 1999இல் அவரே எழுதினார், காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது அப்பா, அம்மா, குட்டிகள். முன்னால் போவது அப்பனும் தாயும்தான், சண்டை போட்டு ஜெயித்த ரவுடி இல்லை. அல்ஃபா என்ற பேச்சைப் பரப்பியதில் தமக்கும் பங்கு உண்டு என்று மனிதர் ஒத்துக்கொண்டார், அது பெரிய விஷயம்.

சாமித்தோப்பு வழிப்போக்கன்:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பதியில் ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தலையில் துணி கட்டவே உரிமை இல்லாமல் வைத்திருந்த ஜனங்களை அய்யா வைகுண்டர் கட்டச் சொன்னார், திருவிதாங்கூர் ராஜா காலத்தில். அங்கே தலைப்பாகை வருகிற ஒவ்வொருவனுக்கும் உண்டு. உள்ளே கண்ணாடி, உன் முகம்தான் தெரியும். உங்கள் அல்ஃபா கணக்கிலோ ஒருத்தனுக்குத்தான் கிரீடம், மீதிப் பேர் எல்லாம் பீட்டா, காமா, என்னென்னவோ. நம் தாத்தாக்கள் கழற்றி எறிந்த அதே அடுக்கை நீங்கள் ஆங்கிலப் பெயரில் வாங்கி மாட்டிக்கொள்கிறீர்கள்.

தக்கலை ஜிம்:
இதில் சாமியை இழுக்க வேண்டாமே. அல்ஃபா என்ற பெயர் தப்பு என்றால் விட்டுவிடலாம், பயிற்சி தப்பா?

மஸ்கட் ரிட்டர்ன்:
பயிற்சி தப்பில்லை தம்பி. நான் 14 வருடம் வெளிநாடு. அறையில் ஏழு ஆம்பளைகள், சுவரில் தாள் ஒட்டியிருக்கும், யாருக்கு என்றைக்குச் சமையல், யாருக்குக் கக்கூஸ் கழுவல் என்று. வெள்ளிக்கிழமை மீன்குழம்பு என் முறை, தேங்காய் அரைத்து, புளி கரைத்து, குறை சொல்ல ஆள் இருக்காது. இதே நான் லீவில் ஊருக்கு வந்து இறங்கிய அன்றே, 'ஏ, தண்ணி கொண்டா'. அடுக்களையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கு 14 வருடம் தெரியாது. மஸ்கட்டில் இருந்த கை இங்கே எங்கே போனது? 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81. அந்த மீதி 74இல் நானும் ஒருவன். பணம் அனுப்பினால் போதும் என்று இருந்தேன். திரும்பி வந்தபோது மகள் என்னைப் பார்த்து, 'அம்மா, அவங்க வந்திருக்காங்க' என்றாள். 'அப்பா' இல்லை, 'அவங்க'.
ஜிம்முக்குப் போ, தாராளமாகப் போ. ஆனால் வீட்டுக்கு வந்து உன் டிபன் பாத்திரத்தை நீயே கழுவு, அதுவும் உடற்பயிற்சிதான், காசு கிடையாது.

திருவட்டாறு அண்ணாச்சி:
மஸ்கட்டே, உப்பு டப்பா இப்போதாவது தெரியுமா ஓய்?

மஸ்கட் ரிட்டர்ன்:
அடுப்புக்கு இடப்பக்கம், இரண்டாவது தட்டு. டப்பா இல்லை, பரணி ஜாடி.

குலசேகரத்துக்காரன்:
எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நாலரைக்கு எழும்புவதை நான் விடப்போவதில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது நல்லதுதான் செய்திருக்கிறது. அல்ஃபாவை வாத்தியார் சாருக்காக விட்டுக்கொடுக்கிறேன். மேரி அக்கா எழுதியது இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடியது. இன்று விடிகாலை நான் எழும்பியபோது அப்பாவும் எழும்பி அடுக்களையில் கட்டஞ்சாயா போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக ஒரே நேரத்தில் எழும்புகிறோம், ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை, நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வகுப்பு கேட்பேன். இன்று கழற்றி வைத்துவிட்டு, இருட்டில் தனியாக வெட்டப் போக பயமாக இருக்காதா அப்பா என்று சும்மா கேட்டேன். 'பயம் உண்டு' என்றார். ஆனை வருமாம். ஒருதடவை பால் வாளியைப் போட்டுவிட்டுக் காலில் செருப்பு இல்லாமல் ஓடியிருக்கிறார், எனக்கு அப்போது மூன்று வயதாம், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். சாயா ஆறிப்போகும்வரை பேசினார். குடியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தக்கலை ஜிம்:
அப்போ இன்று லெக் டேவுக்கு லேட்டாக வந்தது இதனால்தானா மக்கா. சரி, மன்னித்தேன்.

திருவட்டாறு அண்ணாச்சி:
ஆனை எந்தப் பக்கம்? கீரிப்பாறையா, சிற்றாறா? கீரிப்பாறை என்றால் உன் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கும், கேட்டுச் சொல்லு.