ஜெட் ஸ்கீ சூடானால் செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரி புதுசு. எங்கே பார்ப்பது?

துபாய்க் கரை:

வணக்கம். துபாயில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மூன்று சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ ஒன்று வைத்திருக்கிறேன். ஓட்டம் முழுக்கக் கடல் தண்ணீரில்தான். கொஞ்ச காலமாக ஸ்டார்ட் ஆவதில் தகராறு.

காலையில் பட்டனை அழுத்தியதும் எடுத்துவிடுகிறது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு மணலில் ஏற்றி நிறுத்தி, மறுபடி அழுத்தினால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில சமயம் டிக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் டிஸ்ப்ளே அணைந்து, முதலிலிருந்து எரிகிறது. சீட்டைக் கழற்றிக் காற்றாட விட்டு, நன்றாக ஆறிய பிறகு அழுத்தினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது.

பேட்டரி மாற்றியாச்சு. மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் காட்டுகிறது. ஃபியூஸ் எல்லாம் கழற்றிப் பார்த்தேன், எதுவும் போகவில்லை. கையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பும் சரியாக உட்காருகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், திறந்துகூடப் பார்க்காமல் ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், போயிருக்கும் என்கிறார்கள். அதன் விலை என்னால் தாங்க முடியாதது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. கரையை விட்டுத் தள்ளிப் போய் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிசாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

லங்காவி மெக்கானிக்:

ஈசியூவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டிக் என்று கேட்டாலே பட்டன், கயிற்று ஸ்விட்ச், ஈசியூ எல்லாம் வேலை செய்து, செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலே வரைக்கும் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தமே ரிலே இழுக்கிற சத்தம்தான். வாடகைக்கு ஓடும் வண்டிகளில் ரிலேக்குள் இருக்கும் காண்டாக்ட் கருகிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் ரிலேயைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அது இன்ஜினின் அடிப்பக்கத்தில் இருக்கும், ஹல்லில் (வண்டியின் அடி உடலில்) தண்ணீர் தேங்கினால் அடி வாங்குவதும் அதுதான்.

நாகை ஃபைபர் போட்:

லங்காவி சார் சொல்வதில் ஈசியூ பற்றியது ரொம்பச் சரி. ஆனால் ரிலே மட்டும் கருகியிருந்தால் டிஸ்ப்ளே ஏன் அணைய வேண்டும்? அந்த ஒரு குறிதான் எனக்கு வேறு இடத்தைக் காட்டுகிறது.

தம்பி, 12.7 என்பது சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. குழாயை மூடி வைத்திருந்தால் அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும், திறந்து விட்டால்தான் அடைப்பு தெரியும். கரண்டும் அப்படித்தான். பட்டனை அழுத்தியபடியே அளக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. சீட்டைக் கழற்றி, நல்ல நேரம் திறந்தே வைத்திருங்கள். ஹல்லுக்குள் பெட்ரோல் ஆவி தங்கும், ஒரு சின்னப் பொறி போதும். பெட்ரோல் வாசனை அடித்தால் எந்த ஒயரையும் தொடாதீர்கள், முதலில் கசிவைப் பாருங்கள். அப்புறம், வண்டி எடுத்துவிட்டால் குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் சில வினாடிகளுக்கு மேல் ஓட விடக் கூடாது.

இப்போது மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் ஈயத் தலையிலேயே வையுங்கள். மேலே இருக்கும் லக்கில் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையத்தில்) வைக்காதீர்கள். இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 9, 8 என்று விழுந்தால் புதுசோ பழசோ, முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். 12க்குப் பக்கத்திலேயே நின்று, டிஸ்ப்ளேயும் அணையாமல் டிக் மட்டும் கேட்டால் ரிலே அல்லது மோட்டார், லங்காவி சார் சொன்ன மாதிரி. 12க்குப் பக்கத்தில் நிற்கும்போதே டிஸ்ப்ளே அணைந்தால், பேட்டரியில் இருக்கும் கரண்ட் வெளியே வர முடியாமல் ஏதோ ஒரு ஜாயிண்டில் மாட்டிக்கொள்கிறது. எண்ணைச் சொல்லுங்கள்.

துபாய்க் கரை:

ஓட்டிச் சூடேற்றிவிட்டு அளந்தேன் அண்ணா. அழுத்தும்போது 12.4. டிஸ்ப்ளே அணைகிறது, டிக் டிக் என்று அடிக்கிறது.

நாகை ஃபைபர் போட்:

அப்படியென்றால் எர்த் கேபிளைப் பாருங்கள். கார் என்றால் பாடி முழுக்க இரும்பு, எங்கே தொட்டாலும் எர்த் கிடைக்கும். ஜெட் ஸ்கீயின் உடல் ஃபைபர், கரண்டைக் கடத்தாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை கரண்டும் இன்ஜின் பிளாக்கிலிருந்து அந்த ஒரே கருப்புக் கேபிள் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பல வண்டிகளில் ஈசியூ, டிஸ்ப்ளே எர்த்தும் அதே இன்ஜின் போல்ட்டில் வந்து சேரும். அதனால்தான் மோட்டார் இழுக்க ஆரம்பித்ததும் டிஸ்ப்ளே சாகிறது. டிஸ்ப்ளேயோடு ஈசியூவும் சாவதால் ரிலே விடுகிறது, விட்டதும் வோல்டேஜ் திரும்புகிறது, ரிலே மறுபடி இழுக்கிறது. டிக் டிக் டிக் என்பது இதுதான். எங்கள் ஊரில் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் அணைந்து அணைந்து எரிகிறது என்று கொண்டு வரும் ஃபைபர் போட்டுகளிலும் பெரும்பாலும் எர்த் ஜாயிண்டில்தான் போய் முடியும்.

மீட்டரை டிசி வோல்ட்டிலேயே வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் தலையிலும், இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் அழுத்திப் பிடியுங்கள். பட்டனை அழுத்தும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அதே மாதிரி பிளஸ் தலையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரைக்கும் பாருங்கள், அங்கே ரிலேயும் நடுவில் இருப்பதால் 0.5 வரை போகலாம். ஆனால் இந்த பிளஸ் பக்க அளவை மோட்டார் சுற்றும்போது எடுத்தால்தான் நம்பலாம்.

ஈசியூ இணைப்பைக் கழற்றிச் சுரண்டாதீர்கள். அந்தப் பின்கள் வளைந்தால் நிஜமாகவே ஈசியூ வாங்க வேண்டி வரும்.

துபாய்க் கரை:

பிளஸ் பக்கம், சுற்றும்போது 0.3. எர்த் பக்கம், சூட்டில் 7 வோல்ட்டைத் தாண்டித் துள்ளுகிறது! காலையில் ஆறியிருக்கும்போது, வண்டி ஸ்டார்ட் ஆகும்போதே 1.2 காட்டியது.

ஆனால் இன்ஜின் பக்கத்து போல்ட் பளபளவென்று இருக்கிறது. முறுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது.

நாகை ஃபைபர் போட்:

போல்ட்டை நம்பாதீர்கள். லக்குக்கும் கேபிளுக்கும் நடுவில் கருப்பு ஹீட் ஷ்ரிங்க் உறை (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) இருக்கும் அல்லவா, விரலால் அமுக்கிப் பாருங்கள். உப்பிப் போய், நறநறவென்று இருந்தால் உள்ளே உப்பு ஏறிவிட்டது. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறுங்கள்.

அவசரத்துக்கு உறுதி செய்ய வேண்டுமானால், ஒரு தடித்த ஜம்பர் கேபிளை முதலில் பேட்டரி மைனஸில் மாட்டி, மறு முனையை ஆவி தங்காத உயரத்தில் இன்ஜின் உலோகத்தில் இறுக்கிக் கவ்வ விடுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே இல்லை.

மெரினா ரசிகன்:

இடையில் ஒரு சந்தேகம். கரையில் இப்படி நின்றால் காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுக்கலாமா?

லங்காவி மெக்கானிக்:

கார் இன்ஜின் ஓடாமல் இருந்தால் கொடுக்கலாம். ஓடும் காரிலிருந்து கொடுக்காதீர்கள், சின்ன வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. எர்த் கெட்டிருந்தால் பேட்டரி தலையில் ஜம்ப் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை, அதே கேபிள் வழியாகத்தானே திரும்ப வேண்டும்.

துபாய்க் கரை:

கீறிப் பார்த்தேன் அண்ணா. லக்குக்குள் பச்சைப் பொடி. கேபிளின் செம்பு இழைகளில் பாதிக்கு மேல் கருப்பாகி, தொட்டதும் உதிர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஜம்பர் கேபிளை மாட்டியதும் சூட்டிலேயே ஒரே அழுத்தில் எடுத்துவிட்டது. புதுக் கேபிள் போடப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நாகை ஃபைபர் போட்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. கருப்பான இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பழைய கேபிளுக்கே புது லக் போடாதீர்கள். உறைக்குள் உப்புத் தண்ணீர் இழை வழியாக ரொம்ப தூரம் ஏறியிருக்கும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள், தடிமன் பழையதற்குக் குறையக் கூடாது. லக்கைச் சுத்தியால் தட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் (லக்கைக் கேபிளோடு இறுக்கி அமுக்கும் கருவியில்) அமுக்கச் சொல்லுங்கள். மேலே உள்பக்கம் பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க், சூடாக்கினால் ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். வினிகர் வாசனை வரும் சாதா சிலிக்கானைப் பூசவே வேண்டாம், அது விடும் அமிலம் செம்பைத் தின்றுவிடும்.

துபாய்க் கரை:

போட்டாச்சு. எர்த் பக்கம் இப்போது 0.1. வெயிலில் ஓட்டி நிறுத்தி, உடனே அழுத்தினாலும் எடுக்கிறது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

லங்காவி மெக்கானிக்:

நல்லது. சார்ஜிங்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதுவும் இதே எர்த் வழியாக இத்தனை நாள் திரும்பியிருக்கலாம். தண்ணீரில் வைத்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் பேட்டரி தலையில் 13.5க்கு மேல், 14.5க்குள் நிற்க வேண்டும். 13கூட வராவிட்டால், சார்ஜிங் வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டரின் இணைப்பைப் பாருங்கள். உப்பைக் கழுவும்போது இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிய பிறகு தண்ணீரைத் திறங்கள், தண்ணீரை மூடிய பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். ஹல்லுக்குள் பிரஷர் வாஷர் அடிக்க வேண்டாம். சாதாரண நல்ல தண்ணீரை ஊற்றி, அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து வடிய விட்டு, காயும் வரை சீட்டைத் திறந்தே வையுங்கள்.